மைனஸ் முப்பதில் ஒரு மஞ்சள் பிளக்

“பாஸ், இந்த போல்ட்டுக்கும் இந்த ஓட்டைக்கும் கல்யாணம் நடக்காது. ரெண்டு வீட்டுக்காரங்களும் ஒத்துக்கிட்டாலும் நடக்காது.”

வெஸ் குரோகனின் குரல் பிக்கப் வண்டிக்கு அடியிலிருந்து வந்தது. வெளியே தெரிந்தவை அவனுடைய பூட்ஸ்கள் மட்டும்.

மார்வா ஓஸ்ட்பி குனிந்து பார்த்தாள். ஐம்பது வயது, ஆண்கள் போடும் கம்பளித் தொப்பி, எப்போதும் தூக்கக் கலக்கத்தில் இருப்பது போன்ற கண்கள். பல வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக நொறுங்கிய வண்டிகளைச் சுற்றிவந்தவள். இப்போது, மனிதர்களைவிட மாடுகள் அதிகமாக இருக்கும் மொன்டானாவின் இந்தக் கிழக்கு மூலையில் தனியார் துப்பறிவாளர். வெஸ் அவளுடைய உதவியாளன். அவனிடம் வேலை பாதி, வாய் பாதி.

“ஏன் போகல?”

“மரை இருந்தாத்தானே போகும்? என் ஓட்டை வண்டியில இரும்பு சம்ப்பு, இரும்பு போல்ட்டு, ஸ்பேனர் போட்டு முறுக்கினா ஏறும். இது சம்ப்பே பிளாஸ்டிக் பாஸ். ஓட்டை வழவழன்னு இருக்கு. ஓரத்துல ரெண்டு பள்ளம். ஊறுகாய் பாட்டில் மூடி மாதிரி எதையோ வெச்சுத் திருப்பற சமாச்சாரம்.”

மார்வா நிமிர்ந்தாள். எதிரே ஷெரிஃப் ரோல்ஃப் காபிக் குவளையோடு நின்றிருந்தார். அவளும் அவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். அந்த உரிமையில்தான் அலுவலகத்தின் பின்புறத் தகரக் கொட்டகையில் வண்டியைப் பார்க்க அனுமதி கிடைத்திருந்தது.

வண்டி கர்ட் ஹாகனுடையது. ஜனவரிப் பனிப்புயலின்போது, மைனஸ் முப்பது குளிரில், பண்ணைச் சாலையின் பாதியில் இன்ஜின் இறுகி நின்றுவிட்டது. கர்ட் இறங்கி நடந்திருக்கிறான். மறுநாள் பனி தள்ளும் வண்டிக்காரர்கள்தான் உடலைப் பார்த்தார்கள். இன்ஜினில் ஒரு சொட்டு ஆயில் இல்லை. ஆயில் தங்கும் தொட்டியான சம்ப்புக்கு அடியில், ஆயிலை வடிக்கும் ஓட்டையை அடைத்திருக்க வேண்டிய ட்ரெய்ன் பிளக்கும் இல்லை.

முந்தின நாள்தான் வில்லட் கிரீக் ஊரில் லோனி பிக்கெட் அந்த வண்டிக்கு ஆயில் மாற்றியிருந்தான். லோனியின் கராஜுக்கு எதிரே சாலையோரத்தில் ஷெரிஃபின் டெபுடி ஒருவர் ஓர் இரும்பு ட்ரெய்ன் போல்ட்டைக் கண்டெடுத்தார். அது போதுமானதாக இருந்தது. பிளக்கைச் சரியாக மாட்டாமல் ஓர் உயிரைக் கொன்றதாக லோனியின் மேல் வழக்கு. நாளைக் காலை அவன் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறான். மார்வாவை அழைத்தது அவன் மனைவி டார்லா.

“ரோல்ஃப், நீ சாட்சியா வெச்சிருக்கிற போல்ட் இந்த வண்டியோடதே இல்ல,” என்றாள் மார்வா. “வேற யார் வண்டியிலிருந்தோ என்னிக்கோ விழுந்தது.”

ரோல்ஃபின் முகம் ஒரு கணம் சுருங்கியது. பிறகு ஒரு மிடறு காபியோடு தெளிந்தது.

“சரி. அப்போ நிஜமான பிளக் பிளாஸ்டிக். அதானே?”

“ஆமா.”

“இரும்பே கழண்டு விழும்னா பிளாஸ்டிக் விழாதா? எங்கயோ பனிக்கடியில கிடக்கும். நீ என் கேஸைக் கெடுப்பேன்னு பயந்தேன் மார்வா. கெட்டியாக்கிக் கொடுத்துட்டே.”

வண்டிக்கடியிலிருந்து வெஸ் கேட்டான்: “பாஸ், நாம இப்ப யாருக்கு வேலை பாக்கறோம்?”

*

லோனி சிறையறைக் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். நகக்கண்களில் இன்னும் கிரீஸ். மார்வா கம்பிக்கு இந்தப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“கர்ட் வண்டிக்கு என்ன பிளக் மாட்டினே?”

“மஞ்சள் பிளாஸ்டிக். புதுசு மேடம். அந்த வண்டிக்கு ஒவ்வொரு தடவையும் புதுசுதான் மாட்டுவேன்.”

“அது சரியா உக்காந்தா ‘டக்’குனு சத்தம் வருமாமே. வந்துச்சா?”

“வந்திருக்கும்.”

“வந்துச்சா?”

லோனி தலையைக் கைகளில் தாங்கிக்கொண்டான். “தெரியல. தினம் எத்தனை வண்டி… எல்லாம் டக், டக்குனுதான் ஞாபகத்துல கேக்குது. கர்ட் வண்டியோட டக்கை மட்டும் தேடறேன். கிடைக்க மாட்டேங்குது.”

“இந்த பிளாஸ்டிக்கைக் கண்டுபிடிச்சவனைத்தான் உள்ள தள்ளணும்,” என்றான் வெஸ்.

“அப்படிச் சொல்லாதீங்க. இரும்பு மட்டும் ஒழுங்கா? அளவுக்கு மீறி முறுக்கி மரையை அழிச்சுக்கிட்டு வர்றவங்க எத்தனை பேரு. எதுவானாலும் மாட்டற கை சரியா இருக்கணும். என் கை சரியா இல்ல போல.”

“உனக்கே நிச்சயமாத் தெரியாதப்போ எதுக்கு ஒத்துக்கறே?” மார்வாவின் குரல் உயர்ந்தது. “நாளைக்கு வாயைத் திறக்காதே லோனி.”

“அவன் எனக்கு போன் பண்ணான் மேடம்.”

மார்வா நிமிர்ந்தாள். இது அவளுக்குப் புதுச் செய்தி.

“அன்னிக்குக் காலையில. மேட்டு மேல போறப்போ சிக்னல் கிடைச்சிருக்கு. ‘லோனி, சிவப்பு லைட் எரியுது, இன்ஜின் ஒரு மாதிரி கத்துது’ன்னான். ‘நேத்துதானேடா புது ஆயில் ஊத்தினேன், இந்தக் குளிர்ல சென்சார் கிறுக்குப் பிடிச்சுத்தான் ஆடும், வழியில நிறுத்தினேன்னா விறைச்சுருவே, விடு வண்டிய’ன்னேன்.” லோனி சுவரைப் பார்த்தான். “விட்டான். நான் சொன்னதைக் கேட்டான்.”

“டார்லாகிட்ட சொல்லுங்க,” என்றான் லோனி. “பணத்தை வீணாக்க வேண்டாம்னு.”

*

வெளியே வந்து நின்றார்கள். பிப்ரவரி கடைசி, ஆனால் காற்று இன்னும் ஜனவரியை விடவில்லை.

“முடிஞ்சுதா பாஸ்?”

மார்வா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் நெளிந்தான்.

“என்ன பாஸ்? என் அழகு இன்னிக்குத்தான் தெரியுதா?”

“மாவு மில்லுல உருண்டு வந்தவன் மாதிரி இருக்கே வெஸ்.”

வெஸ் தன்னைக் குனிந்து பார்த்தான். கோட்டின் மார்பு, கைகள், தாடி, தொப்பி எல்லாம் வெள்ளை. சாலையில் தூவிய உப்பும் மணலும் வண்டியின் அடியில் காய்ந்து ஒட்டியிருந்து, இவன் மேல் உதிர்ந்திருந்தது.

“வண்டிக்கடியில எவ்வளவு நேரம் புரண்டே?”

“உங்களால ரொம்ப நேரம்.”

“எங்கயாவது எண்ணெய் பட்டிருக்கா?”

வெஸ் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். முகத்தைத் தடவி விரலைப் பார்த்தான். அவன் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

“ஓடற வண்டியில ஆயில் கொட்டினா காத்து அதை அப்படியே பின்னால விசிறியடிக்கும்,” என்றாள் மார்வா. “ஆக்சில், ஸ்டெப்னி, பின்கதவு வரைக்கும் கறுப்பாயிடும். நீ எழுந்து வர்றப்போ கரி மூட்டை மாதிரி இருந்திருக்கணும். பிளக் ரோட்டுல விழல வெஸ். வண்டி சும்மா நிக்கறப்போ யாரோ அடியில பாத்திரம் வெச்சு, ஒரு சொட்டு சிந்தாம ஆயிலை இறக்கியிருக்காங்க.”

ரோல்ஃபிடம் திரும்பிப் போய்ச் சொன்னபோது அவர் கேட்டுக்கொண்டார். ஆனால் அசையவில்லை.

“லோனி மாத்தினதுக்கு அப்புறம் வண்டி நின்ன இடம் ஒண்ணே ஒண்ணு. ஹாகன் பண்ணை. பொண்டாட்டி ஷெல்பியை முதியோர் இல்லத்துல நைட் டியூட்டிக்கு இறக்கி விட்டுட்டு, ஆயில் மாத்திக்கிட்டு, கர்ட் வீட்டுக்குப் போனான். ராத்திரி புயல் வந்து ஷெல்பி டவுன்லயே மாட்டிக்கிட்டா. காலையில அவளைக் கூட்டிட்டு வரக் கிளம்பினான். பண்ணையில இருந்தது கர்ட்டோட அப்பா ஆர்விட் மட்டும். நீ அவர் கையைப் பாத்திருக்கியா? முடக்குவாதம். சட்டைப் பொத்தானைக்கூட மருமகதான் போட்டு விடறா. அவரு ஸ்பேனர் பிடிச்சாருன்னு நான் கோர்ட்ல சொன்னா சிரிப்பாங்க.”

“கர்ட் போன்ல வேற என்ன அழைப்பு இருந்துச்சு?”

“அவங்கப்பாதான் திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருக்காரு. கர்ட் எடுக்கல. பெத்தவரு, புயல்ல போயிருக்கானேன்னு கவலை.”

மார்வா கையுறையைப் போட்டுக்கொண்டாள். வாசலுக்கு வந்ததும் வெஸ்ஸிடம் சொன்னாள்: “லோனி கராஜுல உடைசல் குவியல் இருக்கும். இதே வண்டியோட பிளாஸ்டிக் சம்ப்பு ஒண்ணு, பிளக்கோட எடுத்துக்கோ. ஒரு பெரிய ஸ்பேனரும்.”

“எதுக்கு?”

“பண்ணைக்குப் போறோம். அங்க நீ அதைத் திறக்கத் தெரியாம திணறணும்.”

“அதுக்கு நடிக்கவே வேண்டாம் பாஸ்.”

*

ஹாகன் வீட்டுச் சமையலறையில் விறகடுப்பு கனன்றுகொண்டிருந்தது. கர்ட்டின் மனைவி ஷெல்பி ஆளுக்கொரு கிண்ணத்தில் மாட்டுக்கறி சில்லிக் குழம்பும், கூடவே இலவங்கப்பட்டை தூவிய ரொட்டி ரோலும் வைத்தாள். முப்பது வயதுகூட இருக்காது. கண்களைச் சுற்றி வீங்கியிருந்தது. ஆர்விட்டின் கிண்ணத்தில் மட்டும் ரோலைச் சின்னச் சின்னதாகப் பிய்த்துப் போட்டாள்.

“கன்னு ஒண்ணு சுணங்கிக் கிடக்கு. பாத்துட்டு வந்துடறேன்,” என்று பூட்ஸ் வைக்கும் பின்னறைக்குப் போனாள்.

ஆர்விட் ஹாகன் உயரமான கிழவர். மேஜைமேல் கிடந்த அவருடைய கைகள் முட்டி முட்டியாக வீங்கி, விரல்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. ஸ்பூனை உள்ளங்கைகள் இரண்டுக்கும் நடுவில் வைத்துத்தான் தூக்கினார்.

“லோனி வீட்டுக்காரிக்காக வந்திருக்கீங்க,” என்றார். “வந்தவங்களுக்குச் சாப்பாடு போடாம அனுப்பறது வழக்கமில்ல. மத்தபடி எனக்குச் சொல்ல ஒண்ணுமில்ல மேடம்.”

“நாங்களும் ஒண்ணும் கேக்க வரல மிஸ்டர் ஹாகன். இந்தச் சனியனைத் திறக்கத் தெரியல, அதான். உங்க வீட்டுல இதே வண்டி இருந்துச்சே, தெரியுமோன்னு வந்தோம்.”

வெஸ் சம்ப்பை மேஜைமேல் கவிழ்த்து வைத்தான். கறுப்பு பிளாஸ்டிக். நடுவில் மஞ்சள் பிளக். ஸ்பேனரை எடுத்து இடப்பக்கம் முறுக்கினான். வலப்பக்கம் முறுக்கினான். ஒரு முழங்காலைத் தூக்கி மேஜைமேல் வைத்தான்.

“என் முதல் பொண்டாட்டிகூட இவ்வளவு பிடிவாதம் இல்ல,” என்று முனகினான்.

பிளாஸ்டிக் கிறீச்சிட்டது. ஆர்விட்டுக்குப் பொறுக்கவில்லை.

“ஸ்பேனரைத் தூர வைப்பா. உடைச்சிருவே.”

“வேற எப்படிங்க?”

“முதல்ல அமுக்கணும்.”

“அமுக்கினேனே.”

“எங்க அமுக்கினே? தள்ளு அந்தப் பக்கம்.”

ஆர்விட் சம்ப்பை இழுத்து மடியில் வைத்து முழங்கால்களால் இடுக்கிக்கொண்டார். இரண்டு உள்ளங்கைகளின் அடிப்பகுதியையும் மஞ்சள் பிளக்கின் இருபுறமும் வைத்தார். உடம்பின் எடையை அதன்மேல் சாய்த்தார். விரல்களுக்கு அதில் வேலையே இல்லை. கைகள் சேர்ந்து கால் வட்டம் திரும்பின.

டக்.

பிளக் கழன்று தரையில் விழுந்தது.

ஆர்விட் தன் கைகளைப் பார்த்தார், அவை யாரோ இன்னொருவருடையவை என்பது போல.

“கர்ட்தான் சொல்லிக் கொடுத்தானா?” மார்வா மெதுவாகக் கேட்டாள்.

“வண்டி வாங்கின புதுசுல.” ஆர்விட்டின் குரல் எங்கிருந்தோ வந்தது. “‘இதுக்கு ஸ்பேனரே வேண்டாம்பா, உன் கையாலகூடக் கழட்டலாம்’னு அடியில படுக்க வெச்சுக் காமிச்சான். ரொம்ப நாளைக்கப்புறம் என் கையால ஒரு வேலை. ரெண்டு பேரும் சிரிச்சோம்.”

“அன்னிக்கு?”

“புயல் முழுசா ஓயல. பனி தள்ளற வண்டி வரட்டும், ஒரு நாள் பொறுடான்னேன். ஷெல்பி அங்க மாட்டிக்கிட்டிருக்கான்னு குதிச்சான். நான் ஒளிச்சிருவேன்னு சாவியைக் குளியலறைக்குக்கூடக் கையோட எடுத்துட்டுப் போனான். அவன் குளிக்கப் போனப்போ கொட்டகைக்குப் போனேன். தீவனத் தொட்டியில ஆயிலை இறக்கினேன். பிளக்கைத் திருப்பி மாட்டினா வேற ஆயில் ஊத்திக்குவான்னு அதைப் பையில போட்டுக்கிட்டேன்.”

“ஆயில் இல்லாமலும் வண்டி கிளம்பும்னு…”

“பெல்ட் போடலேன்னாலே கத்தற வண்டி மேடம்! கதவு சரியாச் சாத்தலேன்னா கத்தும், பின்னால ஒரு பூனை நின்னாக் கத்தும். ஆயிலே இல்லாட்டி அது கிளம்பவே கிளம்பாதுன்னு நெனச்சேன்.” அவர் மூச்சை இழுத்தார். “கிளம்பிடுச்சு. பின்னாலேயே ஓடினேன். கத்தினேன். காத்துல எனக்கே கேக்கல. போன் பண்ணேன். மறுபடி மறுபடி பண்ணேன். அப்பன் திட்டறதுக்குத்தான் கூப்பிடறான்னு நெனச்சிருப்பான். ஷெரிஃப் ஆபீசுக்குப் பண்ணேன். ரோடு மூடியிருக்கு, ஆள் அனுப்ப முடியாதுன்னாங்க.”

வெஸ் ஸ்பேனரைச் சத்தமில்லாமல் கீழே வைத்தான்.

“பிளக் எங்கே?”

ஆர்விட்டின் பார்வை அடுப்புக்குப் போனது. “இரும்பா இருந்தா சாம்பல்ல மிஞ்சியிருக்கும். இது கொஞ்சம் நாத்தம் அடிச்சுது. அவ்வளவுதான்.”

“நாளைக்கு லோனி ஜெயிலுக்குப் போறான்.”

“தெரியும்.”

“எப்படித் தூங்கறீங்க?”

“யாரு தூங்கறா?” ஆர்விட் நிமிர்ந்தார். “லோனியாலதான்னு ஷெரிஃப் வந்து சொன்னாரு பாருங்க, அப்ப எனக்கு மூச்சு வந்துச்சு மேடம். அதுதான் நான் பண்ணின பாவம். முன்னாடி பண்ணினது தெரியாமப் பண்ணினது. இது தெரிஞ்சே பண்ணினது.”

“எங்ககூட வாங்க. ரோல்ஃப்கிட்ட சொல்லிடுங்க.”

“மாட்டேன்.” அவர் சத்தம் போடவில்லை. “நீங்க போய்ச் சொல்லுங்க. நான் இல்லேம்பேன். இந்தக் கையை ஜூரி முன்னால நீட்டினா போதும். ஷெல்பிக்குத் தெரியக் கூடாது. எனக்குன்னு இருக்கறது அவ ஒருத்திதான். அவளும் போயிட்டா…”

பின்னறைப் பக்கம் தரைப்பலகை கிறீச்சிட்டது.

ஷெல்பி நிலைக்கதவில் நின்றிருந்தாள். ஒரு காலில் பூட்ஸ், மற்றதில் வெறும் காலுறை. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று கேட்கத் தேவையில்லை. அவள் முகமே சொன்னது.

“கர்ட் என்னைக் கூட்டிட்டு வரத்தான் கிளம்பினான்,” என்றாள்.

“ஷெல்பி…”

“தினமும் உங்க முன்னாடி உக்காந்து லோனியைத் திட்டித் திட்டி அழுதேன் ஆர்விட். அவன் நாசமாப் போகணும்னு சொன்னேன். நீங்க என் தலையைத் தடவிக் கொடுத்தீங்க. வாயைத் திறக்கல.”

ஆர்விட் அவள் பக்கம் திரும்பினார். மடியிலிருந்த சம்ப்பு நழுவித் தரையில் விழுந்தபோது அதைப் பிடிக்க அவர் கைகள் முயன்றன. முடியவில்லை.

ஷெல்பி இன்னொரு பூட்ஸையும் மாட்டிக்கொண்டாள். மார்வாவைப் பார்த்தாள்.

“உங்க கார்ல இடம் இருக்கா? அவர் வரலேன்னா நான் வரேன். அவர் வாயால சொன்னதை நான் கேட்டேன். ஷெரிஃப்கிட்ட சொல்றேன்.”

ஆர்விட் தடுக்கவில்லை. அவர்கள் வாசலைத் தாண்டும்போது அவர் மேஜையைவிட்டு எழுந்திருக்கக்கூட இல்லை.

*

கார் பண்ணைப் பாதையில் ஊர்ந்தது. வெஸ் ஓட்டினான். மார்வா பின்சீட்டில் ஷெல்பியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வண்டிச் சத்தம் கேட்டதும் மாடுகள் தீவனம் வருகிறதென்று எண்ணிக் கூட்டமாக வேலியோரம் வந்துவிட்டன. முதுகில் உறைபனியோடு காரைப் பார்த்துக் கத்தின.

“நான் சொன்னா லோனியை விட்டுருவாங்களா?” ஷெல்பி கேட்டாள்.

“விட்டுருவாங்க.”

சிறையிலிருந்து விடுவார்கள். போனில் சொன்ன அந்த வார்த்தையிலிருந்து அவனை யாரும் விடுவிக்க முடியாது. அதை மார்வா சொல்லவில்லை.

“கொஞ்சம் நிறுத்துங்க,” என்றாள் ஷெல்பி.

வெஸ் நிறுத்தினான். அவள் கண்ணாடியை இறக்கி மாடுகளைப் பார்த்தாள். குளிர் காருக்குள் புகுந்தது. யாரும் கண்ணாடியை ஏற்றச் சொல்லவில்லை.

“சொல்லி முடிச்சதும் என்னைத் திரும்ப இங்கயே கொண்டாந்து விடுவீங்களா?”

“இங்கயா?” வெஸ் திரும்பினான். “அந்த வீட்டுக்கா?”

“கன்னு போட ஆரம்பிச்சாச்சு. வைக்கோல் கட்டைப் பிரிக்கக்கூட அவரால ஆகாது.”

“உங்களுக்கு வேற யாரும் இல்லையா?”

“இருந்தான்.”

மார்வா தயங்கிச் சொன்னாள்: “ஷெல்பி, நீ சொல்லப் போறதுக்கு அப்புறம் அவரை அரெஸ்ட் பண்ணினாலும் பண்ணுவாங்க.”

“பண்ணினா நான் தனியாப் பாத்துக்கறேன்.”

“பண்ணலேன்னா?”

ஷெல்பி கண்ணாடியை ஏற்றினாள். மாடுகளின் சத்தம் அடங்கிப் போயிற்று.

“பண்ணலேன்னா ராத்திரிக்கு ரெண்டு பேருக்குச் சமைக்கணும்,” என்றாள். “போலாம். இருட்டறதுக்குள்ள திரும்பணும்.”